காலுக்கு ஓய்வு போதும், நடக்க விடுங்கள்

“வெறும் சுளுக்குதானே” என்று சொல்லாத வாய் நம் ஊரில் இல்லை. அதே வாய்தான் அடுத்த நிமிடம், “வயசான காலத்துல எதுக்கு வெளிய போறீங்க, பேசாம வீட்ல இருங்க” என்றும் சொல்லும். முதல் பேச்சு அலட்சியம், இரண்டாவது பயம். எழுபதைத் தாண்டிய நம்மைப் போன்றவர்களுக்கு இரண்டுமே கெடுதல் என்பது என் அபிப்பிராயம். சுளுக்கு வந்த முதல் மூன்று நாள் அதற்குக் கொடுக்க வேண்டிய மரியாதையை நாம் கொடுப்பதில்லை. அதற்கப்புறம் மூன்று மாதம் அதற்குப் பயந்துகொண்டு கிடக்கிறோம். ஆறு வாரம் இடது காலில் கட்டோடு இருந்து யோசித்ததை எழுதுகிறேன். நம் வயதுக்காரர்கள் படித்துவிட்டுப் பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டினால் நல்லது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். நான் படித்தது காரைக்காலில், பிரெஞ்சு வழியில். 1954இல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்த பிறகும் எங்கள் பள்ளியில் பாடம் பிரெஞ்சில்தான் நடந்தது. பிரெஞ்சில் சுளுக்குக்கு இரண்டு சொல் உண்டு. லேசாக இருந்தால் ‘ஃபூலூர்’. கொஞ்சம் பலமாக இருந்தால் ‘ஆந்தோர்ஸ்’. இந்த ஆந்தோர்ஸுக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. ஒருவன் சட்டத்தைச் சற்று வளைத்துக் காரியம் செய்தால், விதிக்கு ஒரு ஆந்தோர்ஸ் செய்துவிட்டான் என்பார்கள். நம் தமிழிலும் அப்படித்தானே? காலும் பிசகும், கணக்கும் பிசகும்.

மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் முப்பத்தைந்து வருடம் குமாஸ்தாவாக இருந்தவனுக்குக் கணக்குப் பிசகினால் என்ன செய்வது என்று தெரியும். எங்கே பிசகியது என்று முதலில் பார்க்க வேண்டும். அந்த இடத்தை மட்டும் திருத்த வேண்டும். திருத்தியதும் வேலையைத் தொடர வேண்டும். பிசகி விட்டதே என்று லெட்ஜரை பீரோவில் வைத்துப் பூட்டிவிடக் கூடாது. காலுக்கும் அதே விதிதான் என்று எனக்கு வைத்தியம் பார்த்த எலும்பு டாக்டர் வேறு வார்த்தைகளில் சொன்னார்.

கணுக்காலை இந்த ஊர்ப் பேச்சில் கரண்டை என்போம். வெளிப்பக்கக் கரண்டை எலும்பிலிருந்து மூன்று நார்கள் பாதத்து எலும்புகளுக்குப் போய் இரண்டையும் கட்டி வைத்திருக்கின்றன. பாதம் உள்பக்கமாகத் திரும்பி, உடம்பின் கனம் முழுவதும் அதன் வெளி விளிம்பில் இறங்கும்போது இந்த நார்கள் இழுபடுகின்றன. பெரும்பாலான சுளுக்குகள் இந்த வகைதான். நார் இழுபட்டதோடு நின்றால் முதல் நிலை. பாதி கிழிந்தால் இரண்டாம் நிலை. முழுக்க அறுந்தால் மூன்றாம் நிலை. முதலாவது ஒன்று முதல் மூன்று வாரத்தில் ஆறும். இரண்டாவதற்கு மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். மூன்றாவது மாதக் கணக்கு. ஆகவே ‘வெறும் சுளுக்கு’ என்று ஒன்று கிடையாது. ‘நரம்பு சுருண்டுக்கிட்டு’ என்பதும் சரியில்லை. அங்கே நரம்பு சுருளவில்லை, நார் கிழிந்திருக்கிறது. கிழிந்த துணியை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

எனக்கு வந்தது இரண்டாம் நிலை. புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை காலை, தாமிரபரணியில் குளித்துவிட்டுப் படியேறும்போது ஒரு கல்லின் விளிம்பில் பாதம் திரும்பியது. ஆற்றங்கரை என்றால் கல்லும் இருக்கும், பாசியும் இருக்கும். யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்படியே படியில் உட்கார்ந்தேன். துண்டைப் பிழிந்து காலில் சுற்றுவதற்குள் வைத்தியர்கள் நான்கு பேர் கூடிவிட்டார்கள்.

“அண்ணாச்சி, அசையாம இருங்க. ஒரு இழுப்பு இழுத்தா டக்குன்னு உள்ள போயிரும்” என்றார் ஒருவர்.

“இழுக்காதீங்கய்யா. விளக்கெண்ணெய் போட்டு நீவணும். அதுவும் இரட்டைப் பிள்ளை பெத்தவ கையால நீவணும்” என்றார் ஓர் ஆச்சி.

காலால் பிறந்தவர் யாராவது மூன்று தரம் மிதித்தால் போதும் என்றார் மூன்றாமவர். நான்காமவர் உலக்கையை வைத்து உருட்டச் சொன்னார். எல்லோரும் நல்ல மனதோடு சொன்னவர்கள்தான். அந்த ஆச்சி தன் கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்துவிட்டு, ஆட்டோ வரும்வரை என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அந்த அன்புக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். ஆனால் வைத்தியத்தை ஏற்றுக்கொள்ளவில்லை.

காரணம் இதுதான். கால் பிசகிய அந்த நேரத்தில் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: எலும்பு உடைந்திருக்கிறதா இல்லையா? வெளியே பார்த்தால் இரண்டுக்கும் ஒரே வீக்கம், ஒரே நீலம். கனடாவில் ஒட்டாவா நகரத்து டாக்டர்கள் 1992இல் இதற்கு ஒரு சுலபமான விதி வகுத்தார்கள். இன்று உலகம் முழுவதும் அதைப் பின்பற்றுகிறார்கள். இரண்டு பக்கக் கரண்டை எலும்புகளின் பின் விளிம்பையும் நுனியையும் அழுத்திப் பார்க்க வேண்டும். பாதத்தின் வெளிப்பக்கம் நடுவில் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பையும், உள்பக்கம் வளைவுக்கு மேலே இருக்கும் எலும்பையும் அழுத்திப் பார்க்க வேண்டும். எலும்பிலேயே வலித்தாலோ, அடிபட்ட உடனேயும் ஆஸ்பத்திரியிலும் நான்கு எட்டு வைக்க முடியாமல் போனாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும். நொண்டிக்கொண்டு வைத்தாலும் அது எட்டுதான். எனக்கு இரண்டு எட்டுக்கு மேல் போக முடியவில்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை. நம் வயதில் எலும்பு ஏற்கெனவே மெலிந்திருக்கும் என்பதால், சந்தேகம் வந்தாலே எக்ஸ்ரே எடுத்துவிடுவது நல்லது. எலும்பு உடைந்த காலை உலக்கையால் உருட்டினால் என்ன கதி என்று யோசித்துப் பாருங்கள்.

நாட்டு வைத்தியத்தையே குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964 முதல் நடக்கிறது. அங்கே ஐந்தரை வருடம் படித்துவிட்டு வருகிறவர் வேறு, படித்துறையில் காலைப் பிடித்து இழுக்கிறவர் வேறு. புளியும் கல்லுப்பும் கரைத்துக் காய்ச்சிப் பற்றுப் போட்டுத் துணியால் கட்டுவதை நம் வீடுகளில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தத் துணிக்கட்டு கரண்டையை அசையாமல் பிடித்துக்கொள்ளும். கிரேப் பேண்டேஜ் செய்வதும் அதைத்தான். ஆனால் முதல் இரண்டு நாளில் சூடும் வேண்டாம், அழுத்தி நீவுவதும் வேண்டாம். உள்ளே ரத்தக் கசிவு நிற்காத நேரத்தில் இரண்டும் வீக்கத்தைக் கூட்டும்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னும் இரண்டு வார்த்தை. காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் சூடான பற்று தோலைச் சுட்டாலும் தெரியாது. இன்னொன்று, அடிபட்ட ஞாபகமே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சிவந்து, மற்ற காலைவிடச் சூடாக இருந்து, வலியும் அதிகம் இல்லையென்றால், சுளுக்கு என்று சும்மா இருந்துவிடாதீர்கள். சர்க்கரையினால் பாதத்து எலும்பே நொறுங்குகிற ஒரு நிலை உண்டு. அது வெளிப் பார்வைக்குச் சுளுக்கு மாதிரியே இருக்கும். அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். அதேபோல் வலி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறவர்கள், தங்களுக்கு ரத்த அழுத்தமும் சிறுநீரகமும் வயிற்றுப் புண்ணும் எப்படி இருக்கிறது என்பதை ஒருமுறை நினைத்துப் பார்க்கவும்.

இனி ஓய்வு விஷயத்துக்கு வருகிறேன். நான் சொல்ல வந்ததே இதைத்தான்.

கேப் மிர்கின் என்ற அமெரிக்க டாக்டர் 1978இல் தம் விளையாட்டு மருத்துவப் புத்தகத்தில் நான்கு எழுத்தில் ஒரு சூத்திரம் கொடுத்தார். ரெஸ்ட், ஐஸ், கம்ப்ரெஷன், எலிவேஷன். ஓய்வு, பனிக்கட்டி, இறுக்கக் கட்டு, கால் தூக்கி வைப்பு. முதல் எழுத்துகளைச் சேர்த்தால் ‘ரைஸ்’ என்று வரும். சோறு மாதிரி மனதில் நிற்கிற பெயர் என்பதால் உலகம் முழுவதும் பரவியது. பின்னாளில் அவரே, பனிக்கட்டியும் முழு ஓய்வும் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று எழுதினார். தாம் சொன்னதைத் தாமே திருத்திய அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. 2019இல் கனடாவின் பிரெஞ்சு மாகாணமான கியூபெக்கைச் சேர்ந்த டுபுவா என்பவர், எஸ்கூலியே என்பவரோடு சேர்ந்து புதிய சூத்திரம் ஒன்று எழுதினார். அதற்குப் பெயர் ‘பீஸ் அண்ட் லவ்’. முதல் சில நாள் காலுக்குப் பாதுகாப்பு கொடு, உயர்த்தி வை, கட்டுப் போடு. அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்தை ஏற்று, நம்பிக்கையோடு இரு, ரத்த ஓட்டம் கூடும்படி அசை, பயிற்சி செய். வைத்தியச் சீட்டில் நம்பிக்கையையும் ஒரு மருந்தாக எழுதியிருக்கிறார்கள், கவனித்தீர்களா?

படுக்கை என்ன செய்யும் என்பதற்கு இரண்டு கணக்கு சொல்கிறேன். 1966இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரத்தில் இருபது வயது ஆரோக்கியமான வாலிபர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்து, உழைக்கும்போது உடம்பு எவ்வளவு பிராண வாயுவை உபயோகிக்க முடிகிறது என்று அளந்தார்கள். முப்பது வருடம் கழித்து, அதே ஐந்து பேர் ஐம்பது வயதானபோது மறுபடியும் அளந்தார்கள். முப்பது வருட முதுமை கெடுத்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை அதிகம் கெடுத்திருந்தது. இது வாலிபர்களின் கணக்கு. நம் வயதுக்காரர்கள் கணக்கு 2007இல் வெளியானது. ஆரோக்கியமான முதியவர்களைப் பத்தே நாள் படுக்க வைத்ததில், கால்களிலிருந்து மட்டும் சராசரியாக ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகத் தசை போய்விட்டது. பத்து நாளில் போனது பத்து நாளில் திரும்பி வராது.

என் டாக்டர் சொன்னது: மூன்று நாள் காலைத் தலையணை மேல் தூக்கி வை. நான்காம் நாள் கம்பு ஊன்றி வீட்டுக்குள் நட. அவர் சொன்னபடி செய்தேன். கம்பை நோகிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். நிறையப் பேர் நோகிற பக்கமே பிடிக்கிறார்கள். எனக்கு இடது கால் என்பதால் வலது கையில் கம்பு. மாடிப்படி ஏறும்போது நல்ல காலை முதலில் வைக்க வேண்டும். இறங்கும்போது நோகிற காலை முதலில் வைக்க வேண்டும்.

இரண்டாம் வாரம் பிசியோதெரபிஸ்ட் பெண் ஒருத்தி வந்தாள். என் பேத்தி வயது இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து, கால் பெருவிரலைப் பேனாவாக நினைத்துக்கொண்டு காற்றில் ஏ, பி, சி, டி எழுதச் சொன்னாள். கரண்டை எல்லாப் பக்கமும் அசைய வேண்டும் என்பதற்காக இந்தப் பயிற்சி.

“ஏம்மா, தமிழ்ல எழுதலாமா?” என்றேன்.

“எழுதுங்க தாத்தா. எதுல எழுதினாலும் கால் அசையணும், அவ்வளவுதான்.”

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். தமிழ்தான் மேல். ஆங்கில எழுத்தில் பாதி நேர்க்கோடு. நம் ‘இ’யும் ‘ஞ’வும் ‘ழ’வும் கரண்டையைச் சுற்றிச் சுற்றி வளைத்துவிடும். ‘ஐ’ எழுதும்போது மூன்று நாள் வலித்தது, நான்காம் நாள் வலிக்கவில்லை. முப்பத்தைந்து வருடம் ஆபீசில் கையால் எழுதியதைவிடக் கால் எழுத்து ஒழுங்காக இருந்தது என்று என் மனைவி சர்டிபிகேட் கொடுத்தாள்.

அடுத்தது ஒற்றைக் காலில் நிற்பது. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு முதலில் பத்து விநாடி, பிறகு இருபது, முப்பது. இது ஏன் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். நார்களுக்குள்ளே, பாதம் எந்த நிலையில் இருக்கிறது என்று மூளைக்குத் தகவல் அனுப்பும் நரம்பு நுனிகள் இருக்கின்றன. நார் கிழியும்போது அவையும் சேதமாகின்றன. அதனால்தான் ஒருமுறை சுளுக்கிய கால் திரும்பத் திரும்பச் சுளுக்குகிறது. ஃப்ரீமன் என்ற இங்கிலாந்து டாக்டர் 1965இலேயே இதை எழுதி, சமநிலைப் பயிற்சியால் சரிசெய்யலாம் என்றும் காட்டியிருக்கிறார். வீக்கம் வடிந்ததும் குணமாகிவிட்டது என்று நினைப்பவர்கள் விட்டுவிடுவது இந்தப் பாதியைத்தான். படுத்துக் கிடந்தால் நார் ஒட்டிக்கொள்ளும், ஆனால் தகவல் அனுப்புகிற பழக்கம் திரும்பி வராது. அது நின்றும் நடந்தும் வர வேண்டிய பழக்கம்.

மூன்றாம் வாரத்தில்தான் உண்மையான பிரச்சினை ஆரம்பித்தது. கால் தேறிவிட்டது. தெருமுனை வரை போய்வரலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். வீட்டில் செருப்பைக் காணோம்.

“இன்னும் பத்து நாள் கிடங்களேன், என்ன அவசரம்?” என்றாள் மனைவி. சென்னையிலிருந்து மகள் வீடியோ காலில் வந்தாள். “அப்பா, ஆத்துக்குப் போறதெல்லாம் இதோட விட்ருங்க. பால், பேப்பர், மருந்து எல்லாம் வீட்டுக்கே வருது. காய்கறியும் போன்ல சொன்னா கொண்டு வந்துருவாங்க. நீங்க எதுக்குப்பா நடக்கணும்?”

அவள் பயம் நியாயம் இல்லாத பயம் என்று சொல்ல மாட்டேன். நம் வயதில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், அதற்குப் பிறகு பழையபடி நடமாடாதவர்கள் ஏராளம். தூரத்தில் இருக்கிற பிள்ளைகளுக்கு ராத்திரி போன் அடித்தாலே நெஞ்சு பதறும். ஆனால் விழுவது யார் என்று யோசிக்க வேண்டும். காலில் பலமும் சமநிலையும் குறைந்தவர்தான் அதிகம் விழுகிறார். வீட்டிலேயே உட்கார்ந்தால் குறைவது அந்தப் பலமும் சமநிலையும்தான். விழாமல் இருப்பதற்காக உட்கார வைக்கிறோம். உட்கார்ந்த காரணத்தால் ஒருநாள் குளியலறை வாசலில் விழுகிறார். “நல்லவேளை, வெளிய விடல” என்று அப்போதும் சொல்லிக்கொள்கிறோம்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். எண்பது வயது வரை தினமும் காலையில் தானே நடந்துபோய்ப் பால் வாங்கி வருவார். ஒரு மார்கழியில் கால் சுளுக்கியது. சாதாரணச் சுளுக்கு, ஒரு மாதத்தில் வலி போய்விட்டது. அதற்குள் பால் வீட்டுக்கே வர ஏற்பாடு ஆகிவிட்டது. பிறகு நூலகம் நின்றது. வெள்ளிக்கிழமை கோவில் நின்றது. கல்யாண வீடுகளுக்கு “அப்பாவுக்கு முடியாது” என்று மகன் மட்டும் போனார். அடுத்த மார்கழியில் அவர் கட்டிலுக்கும் கழிவறைக்கும் மட்டும் நடந்தார், அதுவும் ஒருவர் கையைப் பிடித்து. அவரைச் சாய்த்தது சுளுக்கு இல்லை. ஒவ்வொன்றாக நின்றுபோன அந்த நடைகள்தான். மகன் தங்கமானவர், ஒரு குறையும் வைக்கவில்லை. குறை வைத்திருந்தால் ஒருவேளை பெரியவர் எழுந்து நடந்திருப்பார்.

நமக்கு இப்போது எல்லாம் வாசலுக்கே வருகிறது. நவம்பர் மாதம் பென்ஷனுக்கு உயிர்ச் சான்று கொடுக்கக்கூட ஆபீஸ் படி ஏற வேண்டாம். தபால்காரர் வீட்டுக்கே வந்து கைரேகை வாங்கிக்கொள்கிறார். முடியாதவர்களுக்கு அது பெரிய உபகாரம். ஆனால் உயிரோடு இருப்பதற்குச் சான்று கொடுப்பது வேறு, உயிரோடு இருப்பது வேறு. காலையில் வ.உ.சி. மைதானத்தைச் சுற்றி நாலு பேரோடு பேசிக்கொண்டு நடப்பதும், வழியில் ஒரு கடையில் நின்று விலை கேட்டுவிட்டு வாங்காமல் வருவதும், ஆற்றில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று பாலத்தில் நின்று பார்ப்பதும் வாசலுக்கு வராது. அதற்கு நாம்தான் போக வேண்டும்.

சரி, நடக்கச் சொல்கிறாயே, எங்கே நடப்பது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ரத வீதியில் மாலை ஆறு மணிக்கு நடந்து பார்த்தவர்களுக்கு அந்த அனுபவம் தெரியும். இந்திய சாலைப் பேராயம் 2012இல் வெளியிட்ட வழிகாட்டியில், நடைபாதை குறைந்தது 1.8 மீட்டர் அகலம் தடையில்லாமல் இருக்க வேண்டும், அதன் விளிம்பு உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று இருக்கிறது. 150 மில்லிமீட்டர் என்றால் அரை அடி. நம் முழங்கால் தாங்குகிற உயரம் அதுதான். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும், தடையில்லாத நடைபாதை என்பது அரசியல் சட்டம் 21ஆம் பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்று சொல்லி, மாநிலங்கள் இதற்கு விதிமுறை வகுக்க இரண்டு மாதக் கெடு கொடுத்தது. ஆக, கேட்பதற்கு நமக்கு உரிமை இருக்கிறது. கேட்கத்தான் ஆள் இல்லை.

ஓய்வு பெற்ற குமாஸ்தாவாக ஒரு யோசனை சொல்கிறேன். திங்கட்கிழமை தோறும் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. மனு எழுதுவது நம் தலைமுறைக்குக் கை வந்த கலை. ஆனால் ‘எங்கள் பகுதியில் நடைபாதை சரியில்லை’ என்று எழுதினால் அந்த மனு சுற்றிக்கொண்டே இருக்கும். எந்தத் தெரு, எந்த எண் வீட்டிலிருந்து எந்த எண் வீடு வரை, என்ன கோளாறு, மூடி இல்லையா, கல் ஆடுகிறதா, ஆக்கிரமிப்பா என்று எழுத வேண்டும். தேதி போட்ட புகைப்படம் ஒன்று இணைக்க வேண்டும். ஒரு மனுவில் ஒரு குறைதான் இருக்க வேண்டும். ரசீது வாங்காமல் திரும்பக் கூடாது. இப்படி ஒரு தெருவுக்கு ஒருவர் எழுதினால் போதும். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் சொல்கிறேன், இடம் குறித்த மனுவைத் தள்ளி வைப்பது கடினம்.

நடமாட முடியாமல் ஏற்கெனவே படுத்துவிட்டவர்கள் வீட்டில் இருந்தால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபியும் வீட்டுக்கே வருகிறது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். மாத்திரைக்கு மட்டும் பெயர் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ கால் சுளுக்கினால் எக்ஸ்ரே பாருங்கள், கட்டுப் போடுங்கள், மூன்று நாள் தாங்குங்கள். வழவழத்த ரப்பர் செருப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, குதிகாலில் வார் உள்ள நல்ல செருப்பு வாங்கிக் கொடுங்கள். குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடி அடியுங்கள். வீக்கம் ஒரு வாரத்தில் குறையவில்லை, கெண்டைக்கால் வீங்கி வலிக்கிறது என்றால் திரும்பவும் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். இதெல்லாம் பாசம். டாக்டர் நடக்கலாம் என்று சொன்ன பிறகு செருப்பை ஒளித்து வைப்பதைப் பாசத்தில் சேர்க்காதீர்கள்.

என் மகள் தீபாவளிக்கு வந்திருந்தாள். ஆற்றுக்குப் போவது பற்றிப் பேச்சு வந்தது. ஒரு மணி நேரம் வாதாடினோம். கடைசியில் ஒரு சமரசம் ஏற்பட்டது. தனியாகப் போகக் கூடாது, தண்ணீர் கூடுதலாக வருகிற நாளில் போகக் கூடாது, கம்பு இல்லாமல் போகக் கூடாது. மூன்றுக்கும் ஒப்புக்கொண்டேன். போகவே கூடாது என்ற நான்காவது ஷரத்தை மட்டும் அவள் வாபஸ் வாங்கிக்கொண்டாள். இந்த மாதிரி ஓர் ஒப்பந்தம் எல்லா வீட்டிலும் சாத்தியம்தான். “போகாதீங்க” என்று சொல்ல வாய் வரும்போது, “இருங்க, நானும் வாரேன்” என்று சொல்லிப் பாருங்கள். பெரியவருக்கும் நடை கிடைக்கும், உங்களுக்கும் கிடைக்கும்.